குட்டியின் சேதி தாயின் மடியில்

குதிரை எப்போது குட்டி போடும் என்று கேட்டால் யாராலும் தேதி சொல்ல முடியாது. சினைக்காலம் சராசரியாக 340 நாள், அதாவது ஏறத்தாழ பதினோரு மாதம் என்பது கணக்கு. ஆனால் 320 நாளில் நல்ல குட்டியைப் போட்ட குதிரையும் உண்டு. 365 நாள் சுமந்து எந்தக் குறையும் இல்லாத குட்டியைப் போட்ட குதிரையும் உண்டு. ஒரே குதிரைகூட ஈற்றுக்கு ஈற்று கணக்கை மாற்றும். குளிர்காலத்தில் ஈனும் குதிரை, கோடையை நெருங்கி ஈனும் குதிரையைவிடச் சில நாள் கூடுதலாகவே சுமக்கும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால், இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு வரும். அதற்கு மேல் அந்த வட்டத்தால் பயன் இல்லை.

நான் நம்பிப் பார்ப்பது மடியைத்தான். ஈனுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்வதும் மடி, ஈன்ற பிறகு குட்டி நன்றாக இருக்கிறதா என்று குட்டியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதும் மடி. புதிதாகக் குதிரை வளர்ப்பவர்கள் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வயிறு எவ்வளவு பெருத்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

மடி நிறைவது கடைசி வாரங்களில்தான் என்றாலும், அதற்குள் என்ன போக வேண்டும் என்பதை முன்னதாகவே யோசிக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏறுகிறது. அதுவரை வழக்கமான தீவனம் போதும். இந்த மூன்று மாதம் மட்டும் புரதமும் கால்சியம், பாஸ்பரஸ், தாமிரம் போன்ற தாதுக்களும் கூடுதலாக வேண்டும். தாமிரத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குதிரைப் பாலில் தாமிரம் மிகக் குறைவு. பிறந்த குட்டி, வயிற்றில் இருந்தபோது தன் கல்லீரலில் சேர்த்து வைத்ததைத்தான் முதல் சில மாதங்களுக்குச் செலவழிக்கிறது. இதற்காகக் குதிரையைக் கொழுக்க வைக்கவும் கூடாது. விலாவில் கையை வைத்தால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

அப்புறம் தடுப்பூசி. சினையான குதிரைக்கு ஹெர்பிஸ் வைரஸ் தடுப்பூசியை ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் மாதங்களில் போடுவார்கள், அது கரு கலைவதைத் தடுப்பதற்கு. ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால் டெட்டனஸ் உள்ளிட்ட மற்ற ஊசிகளைப் போடுவது குட்டிக்காக. அப்போது தாயின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சக்தி சீம்பாலில் இறங்கும். ஈனப்போகும் லாயத்துக்குக் குதிரையை ஒரு மாதம் முன்பே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்வதும் இதற்காகவே. அந்த இடத்துக் கிருமிகளைத் தாய் முதலில் பழக வேண்டும். கடைசி வாரத்தில் வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் ஈனவைத்தால், குட்டி பிறக்கிற இடத்தின் கிருமிக்குத் தாயின் சீம்பாலில் மருந்து இருக்காது.

சில மேய்ச்சல் நிலங்களில் வளரும் உயர ஃபெஸ்க்யூ என்ற புல்லுக்குள் ஒரு பூஞ்சை வாழ்கிறது. அதைத் தின்னும் சினைக்குதிரைக்கு மடியே விடாது, அதாவது பால் சேர்ந்து மடி பெருக்காது, நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துவிடும். அந்தப் புல் இருக்கும் நிலத்திலிருந்து கடைசி மூன்று மாதமாவது குதிரையை மாற்றிவிட வேண்டும்.

மடி காலத்துக்கு முன்னால் பெருத்தாலும் ஆபத்துதான். எட்டாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ மடி விட்டு, பாலும் கசிந்தால் சந்தோஷப்படக் கூடாது. கருப்பை வாய் வழியாகக் கிருமி ஏறி நஞ்சுக்கொடியில் தொற்று வந்திருக்கலாம், அல்லது வயிற்றில் இரட்டைக் குட்டி இருக்கலாம். குதிரைக்கு இரட்டை என்பது கெட்ட செய்தி. இரண்டு குட்டிக்கும் நஞ்சுக்கொடி போதாமல், பெரும்பாலும் இரண்டுமே தங்காது. இணை சேர்ந்து 14 முதல் 16 நாளில் ஸ்கேன் பார்ப்பதே இதற்காகத்தான். அந்தச் சமயத்தில் ஒரு கருவை டாக்டர் நசுக்கி மற்றதைக் காப்பாற்றிவிட முடியும். தொற்றையும் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துக் குட்டியை இன்னும் சில வாரம் வயிற்றுக்குள் தங்கவைக்க வாய்ப்பு உண்டு. அகாலத்தில் மடி விட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனால் ஈனுவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் முன்பு மடி விடத் தொடங்கும். ஆரம்பத்தில் இரவு நின்ற நிலையில் இருக்கும்போது நிறையும், காலையில் வெளியே விட்டு நடந்தால் வற்றும். பகலிலும் வற்றாமல் நின்றுவிட்டால் நாள் நெருங்கிவிட்டது. அடுத்தது காம்பு. மடி பெருத்த பிறகும் காம்பு சில நாள் சுருங்கியே இருக்கும், கடைசி நான்கைந்து நாளில்தான் அதுவும் நிறைந்து கீழ்நோக்கி நீளும். வாலடியின் இருபுறமும் உள்ள தசை தளர்ந்து குழிவிழும், பிறப்புறுப்பு நீண்டு தொய்யும்.

என்னுடைய செம்பழுப்புக் குதிரைக்கு மடியில் கை பட்டால் ஆகாது. அதனால் சினை முற்றுவதற்கு வெகு முன்னாலிருந்தே தினமும் சாயங்காலம் தேய்த்துவிடும்போது தோளில் ஆரம்பித்து வயிற்றோரமாகக் கையை எடுக்காமலே பின்னால் கொண்டுபோய் மடியைத் தொட்டுப் பழக்கினேன். இது நமக்காக மட்டும் செய்வதில்லை. நாளைக்குக் குட்டியின் மூக்கு அங்கே இடிக்கும்போது அவள் உதைக்காமல் நிற்க வேண்டுமே. கடைசி நாட்களில் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். காம்பின் நுனியில் சின்னதாக, மஞ்சளாக ஒரு மணி ஒட்டிக்கொண்டிருக்கும். கசிந்த சீம்பால் காய்ந்து உருண்டது அது. மெழுகு என்று சொல்வார்கள். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அதைக் கிள்ளி எடுக்கக் கூடாது, காம்பின் வாயை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. மெழுகு வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், சில குதிரைகளுக்கு நான்கு நாளும் ஆகும். தலையீற்றுக் குதிரை சில சமயம் மெழுகே காட்டாமல் ஈன்றுவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் காம்பிலிருந்து சில சொட்டு எடுத்துச் சோதிக்கலாம். முதலில் தேன் நிறத்தில் தெளிவாக இருப்பது போகப்போகக் கலங்கி வெள்ளையாகும். ஈனும் நேரம் நெருங்க நெருங்க அதில் கால்சியம் ஏறும், அமிலத்தன்மையும் கூடும். பிஎச் அளவு காட்டும் சாதாரணக் காகிதப் பட்டையிலேயே இது தெரியும். அளவு 6.4க்கு மேல் இருந்தால் அன்றிரவு பெரும்பாலும் ஈனாது, நாமும் தூங்கப் போகலாம். 6.4க்குக் கீழே இறங்கிவிட்டால் விழித்திருக்க வேண்டியதுதான்.

விழித்திருப்பது என்றால் இரவில்தான். பெரும்பாலான குதிரைகள் நள்ளிரவை ஒட்டி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஈனும். ஈனுவதன் முதல் கட்டத்தில் இருக்கும்போது ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவளால் கொஞ்சம் தள்ளிப்போடவும் முடியும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பதைவிடக் கேமரா நல்லது. கேமரா இல்லாவிட்டால் அவள் கண்ணில் படாத இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் கட்டம் ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். நிலைகொள்ளாமல் சுற்றுவாள், தரையைப் பறிப்பாள், விலாவைத் திரும்பிப் பார்ப்பாள், படுப்பாள், எழுவாள், வியர்ப்பாள். உள்ளே குட்டி தன் உடம்பைத் திருப்பி வெளியே வரத் தயாராவது இந்த நேரத்தில்தான். வாலைத் துணியால் சுற்றிவைத்து, மடியை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுவேன். வேறு எதுவும் செய்வதில்லை.

தண்ணீர்க்குடம் உடைந்ததும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த நொடியிலிருந்து இருபது, முப்பது நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். பசு மணிக்கணக்கில் முக்கும், குதிரைக்கு அந்த அவகாசம் கிடையாது. முதலில் வெளுத்த சவ்வு தெரியும். அதற்குள் ஒரு முன்னங்கால், அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று, குளம்பின் அடிப்பாகம் கீழே பார்த்தபடி. கால்களின் மேல் மூக்கு. இந்த மூன்றும் தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். ஒரு கால் மட்டும் வந்தாலோ, மூக்கு தெரியாவிட்டாலோ, குளம்பின் அடிப்பாகம் மேலே பார்த்திருந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடம் முக்கியும் எதுவும் நகராவிட்டாலோ டாக்டர் வேண்டும். அவர் வரும்வரை குதிரையை எழுப்பி நடக்கவைத்தால் முக்குவது கொஞ்சம் அடங்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் டாக்டருக்காகக் காத்திருக்க நேரம் இல்லை. வெளுத்த சவ்வுக்குப் பதிலாகச் செக்கச்சிவந்த பை முன்னால் வந்தால், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்குப் பிராணவாயு நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சிவப்புப் பையை உடனே கிழித்து, தாய் முக்கும்போதெல்லாம் கூடவே இழுத்துக் குட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். கையருகே ஒரு கத்தரிக்கோல் இருப்பது இதற்குத்தான். சினைக்குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவகாசம் இருக்காது.

குட்டி வந்தபின் அவசரம் ஓய்ந்துவிடும். மூக்கை மூடியிருக்கும் சவ்வை விலக்கி, மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டு விலகிவிட வேண்டும். தொப்புள்கொடியை அறுக்கக் கூடாது. தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ வயிற்றிலிருந்து ஓரிரண்டு அங்குலம் தள்ளி, இயற்கையாகவே மெலிந்திருக்கும் இடத்தில் அது தானாக அறும், ரத்தமும் தானாக நிற்கும். அதற்குப் பிறகு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் நீர்த்த கரைசலில் தொப்புளை முக்கி எடுக்கலாம். ஒரு நாளில் சில தடவை செய்தால் போதும். அடர்த்தியான அயோடின் தோலைச் சுட்டுவிடும், அது வேண்டாம்.

குட்டியின் குளம்பை அப்போது பார்க்க வேண்டும். அடியில் வெள்ளையும் மஞ்சளுமாக மெத்தென்று தொங்கும் இழைகள் இருக்கும். பிறக்கும்போது தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. எழுந்து நடக்கத் தொடங்கியதும் தேய்ந்து உதிர்ந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. நிற்பதைப் பார்க்கும்போது மனசு பதறும். நான்கு காலும் நான்கு பக்கம் போகும், விழும், மறுபடி எழும். தூக்கிவிடத் தோன்றும், ஆனால் விழுந்து எழுவதில்தான் கால் வலுக்கிறது. நின்றபின் மடியைத் தேடும். தாயின் முழங்கையைச் சப்பும், நெஞ்சைச் சப்பும், சுவரைச் சப்பும். தாயே உடம்பைத் திருப்பி வழிவிடுவாள். மடி இறுகி வலித்தால் தலையீற்றுக்காரி விலகிவிலகிப் போவாள். அப்போது ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொஞ்சம் பாலைக் கறந்து இறுக்கத்தைத் தளர்த்தினால் நின்றுவிடுவாள்.

இந்த முதல் பால் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், குதிரைக்குட்டி எதிர்ப்பு சக்தி ஏதும் இல்லாமலேதான் பிறக்கிறது. மனிதக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே தாயின் எதிர்ப்புப் புரதங்கள் போய்ச்சேரும். குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றை விடாது. மொத்தமும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதிலும் குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடுவது முதல் ஒரு நாள் மட்டும்தான், முதல் ஆறேழு மணி நேரத்தில்தான் நன்றாக விடும். அதற்குள் ஒன்றிரண்டு லிட்டர் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். ஈனுவதற்கு முன்பே பால் தாரையாக ஒழுகிவிட்ட குதிரைக்கு மடி நிறைந்திருந்தாலும் அதில் சீம்பால் மிச்சம் இருக்காது. அப்படி ஒழுகும்போதே பிடித்து வைக்கலாம், அல்லது வேறு குதிரையிடமிருந்து எடுத்து உறையவைத்ததைப் பயன்படுத்தலாம். உறைந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும், சூடு அதிகமானால் அந்தப் புரதமே கெட்டுவிடும்.

குட்டி பிறந்து ஒரு நாள் ஆகும்போது ரத்தத்தைச் சோதித்துவிடுவது என் வழக்கம். எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி ஒரு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழே இருந்தால் சீம்பால் சேரவில்லை. அந்த நேரத்தில் குடல் மூடியிருக்கும் என்பதால் ரத்தக் குழாய் வழியாகப் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். குட்டி ஓடுகிறது, குதிக்கிறது, எதற்குச் சோதனை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குட்டி துவளத் தொடங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

நஞ்சுக்கொடி விழுந்ததும் எடுத்துத் தரையில் விரித்துப் பார்க்க வேண்டும். கால்சட்டையின் வடிவத்தில் இருக்கும், இரண்டு காலின் நுனியும் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பெரும்பாலும் உள்ளே தங்கிவிடுவது குட்டி இல்லாத பக்கத்தின் நுனிதான். ஒரு துண்டு தங்கினால்கூடத் தாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும், குளம்பு அழற்சி வரும். தொங்கிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூன்று மணி நேரம் தாண்டினால் டாக்டரை வரவழைக்க வேண்டும்.

குட்டி கறுப்பாக, கட்டியாகக் காட்டுமலம், அதாவது பிறந்ததும் வரும் முதல் மலம், போட்டுவிட்டதா என்றும் முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் குட்டிக்கு இடுப்பு குறுகல், அதற்குத்தான் அதிகம் சிக்கும்.

மடியைத் தேடாத குட்டிகளும் உண்டு. பிறந்தபோது நன்றாகத்தான் இருக்கும். பிறகு சுவரைப் பார்த்து நிற்கும், தாய் யார் என்றே தெரியாமல் திரியும், காம்பை வாயில் வைத்தாலும் சப்பாது. பிறக்கும்போது பிராணவாயு குறைந்ததால் வருவது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் ஜான் மேடிகன் இன்னொரு கோணத்தில் பார்த்தார். வயிற்றுக்குள் குட்டியைத் தூக்கத்திலேயே வைத்திருக்கச் சில ஹார்மோன்கள் உண்டு. பிறப்புப் பாதையில் நெருக்கப்படும்போதுதான் அவை அடங்கிக் குட்டி விழிக்கிறது, சில குட்டிகளுக்கு அந்த மாற்றம் நிகழ்வதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே மென்மையான கயிற்றைக் குட்டியின் மார்பைச் சுற்றிக் கட்டி, 20 நிமிடம் இழுத்துப் பிடித்து அந்த நெருக்கத்தை மறுபடி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கயிறு இறுகியதும் குட்டி படுத்துத் தூங்கிவிடும். அவிழ்த்தால் சில குட்டிகள் எழுந்து நேரே மடிக்குப் போகின்றன. எல்லாக் குட்டிக்கும் இது பலிக்காது. விலா முறிந்திருந்தால் ஆபத்து என்பதால் டாக்டர் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

ஈன்ற இரண்டாம் நாள் காலை ஒருமுறை போய்ப் பார்த்தபோது என் குட்டி தாயின் அருகில் நின்றுகொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளையாக ஏதோ காய்ந்து, மயிர் ஒட்டிப்போயிருந்தது. குனிந்து மடியைப் பார்த்தேன். இரண்டு காம்பிலிருந்தும் பால் சொட்டிக்கொண்டிருந்தது, மடி கல்லாக இறுகியிருந்தது. முகத்தில் இருந்தது பால். குட்டி மடிக்கு அடியில் போய் நிற்கிறது, ஆனால் குடிக்கவில்லை, நிறைந்த மடி அதன் முகத்தில் ஒழுகுகிறது. முதல் வாரத்தில் ஒரு குட்டி மணிக்கு ஐந்தாறு தடவை குடிக்கும். ஓரிரண்டு மணி நேரம் குடிக்காவிட்டாலே மடி இப்படி ஆகிவிடும். போன் செய்தேன். டாக்டர் காய்ச்சலைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். முதலில் கேட்டது, "மடி எப்படி இருக்கு?" என்றுதான். சொன்னதும் கிளம்பி வந்துவிட்டார். உடல் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் தொற்று ஆரம்பித்திருந்தது. ஆன்டிபயாடிக் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தாயின் பாலையே கறந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். குட்டி பிழைத்துக்கொண்டது. இன்றைக்குத் தாயின் தோளை எட்டும் உயரம்.

அதிலிருந்து காலையில் லாயத்துக்குள் போனால் முதலில் மடியையும், அப்புறம் குட்டியின் நெற்றியையும் பார்க்கிறேன். குட்டி துள்ளுவதும் ஓடுவதும் மூன்றாவதுதான். நோய் தொடங்கியபின்னும் குட்டி சில மணி நேரம் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரம் கைநழுவிப் போகக் கூடாது.

இரண்டாம் வாரத்தை ஒட்டிப் பெரும்பாலான குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். தாய்க்கு ஈன்ற பின் முதல் பருவம் வரும் சமயமும் அதுவே என்பதால் தாய்ப்பால் மாறுவதுதான் காரணம் என்பார்கள். தாயில்லாமல் வளரும் குட்டிக்கும் இதே நாளில் இது வருவதால் அந்தக் காரணம் பொருந்தவில்லை. குட்டி தாயின் சாணத்தைத் தின்னத் தொடங்கியிருக்கும், குடலில் நுண்ணுயிர்கள் குடியேறிக்கொண்டிருக்கும். சாணம் தின்பதைத் தடுக்க வேண்டாம், பிற்காலத்தில் புல்லைச் செரிக்க அதுதான் உதவப்போகிறது. வால் அடியைக் கழுவித் துடைத்து, தோல் வெந்துபோகாமல் களிம்பு தடவினால் போதும். சாதாரண வயிற்றுப்போக்கா, தொற்றா என்று பிரித்துப் பார்க்கவும் மடிதான் உதவும். குட்டி கழிந்துகொண்டிருந்தாலும் மடி வற்றித் தொய்ந்திருந்தால், அது குடித்துக்கொண்டிருக்கிறது, பொறுத்திருக்கலாம். மடி இறுகியிருந்தால் பொறுத்திருக்கக் கூடாது.

நான்கு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது மடி கடைசியாக ஒருமுறை இறுகும். தாய் படும் அவஸ்தையைப் பார்த்துக் கறந்துவிடத் தோன்றும். கறந்தால் இன்னும் சுரக்கும். உள்ளே பால் தேங்கும் அழுத்தத்தில்தான் சுரப்பு நிற்கிறது. தானியத் தீவனத்தைக் குறைத்து, நடக்கவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வற்றிவிடும். ஒரு பக்கம் மட்டும் சூடாக, கட்டியாக இருந்து, தொட்டால் அவள் காலைத் தூக்கினால் அது மடிநோய். அதற்கு மருந்து வேண்டும்.